முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்

லெம்விக், 4 ஜூலை 1994

விபேக்கெ,

ஒன்பது வருஷம் கழித்து அண்ணனிடமிருந்து கடிதம் வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று தோன்றும். யாரும் சாகவில்லை. அப்பா முற்றத்துக்கு அந்தப் பக்கம் தன் சின்ன வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார்.

போன் பண்ணிப் பேசேன் என்று டோர்தெ சொன்னாள். பேசினால் நீ சிரிப்பாய். கட்டிய மனைவிக்கு அது தெரியாது, கூடப் பிறந்தவனுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் நான் கோபன்ஹேகனில் இருந்தேன். வேலையாக அல்ல, ஊர் சுற்றிப் பார்க்க. பால் கறக்கப் பக்கத்துப் பண்ணைக்காரன் எஸ்கிலை வைத்துவிட்டு, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஹோட்டலில் அறை எடுத்து, கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு எல்லோரும் போகிற இடங்களுக்கெல்லாம் போனேன். திவோலி பூங்காவில் விளக்குகளைப் பார்த்தேன். கடல்கன்னிச் சிலையைப் பார்த்தேன். எங்கள் கன்றுக்குட்டி அதைவிடப் பெரியது. சாசேஜ் வண்டிக்கு முன்னால் வரிசையில் நின்றபோது சைக்கிளில் வந்த ஒருத்தி மணியடித்தே என்னை ஓரம் தள்ளினாள். உன் ஊர் உன்னைப் போலவே இருக்கிறது.

நான் தனியாக வரவில்லை. அப்பாவும் வந்தார். உண்மையில் அவர்தான் கிளப்பினார். "விபேக்கெ படகுல நின்னு என்னவோ பேசுறாளாமே. அதப் போய்க் கேக்கணும்" என்றார். சொல்லிவிட்டுப் போகலாம் என்றேன். "வேண்டாம். டூரிஸ்டா போவோம். டிக்கெட் எடுத்து உக்காருவோம். அவளா பாத்துக் கண்டுபிடிக்கட்டும்" என்றார். இதில் அவருக்கு ஒரு சந்தோஷம். ரயிலில் வரும்போது, பெல்ட் கடலைக் கடக்கிற கப்பலில், தானாகவே இரண்டு தடவை சிரித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியப் படகு. அவர் முன்வரிசையில், உனக்கு நேர் எதிரே, வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மீசை இல்லை, போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். ஆளும் பாதியாகிவிட்டார். நான் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தேன், அது அவர் உத்தரவு. நீ நீலக் கோட்டும் மைக்குமாக வந்தாய். டேனிஷில் ஒரு தடவை, ஜெர்மனில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை வரவேற்றாய். எல்லோரையும் பார்த்துச் சிரிப்பது போல அவரையும் பார்த்துச் சிரித்தாய். அவர் காத்திருந்தார். பாலங்களுக்கு அடியில் எல்லோரையும் தலை குனியச் சொன்னபோது, அவர் குனியாமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னொரு தடவை அவருக்கென்று தனியாகச் சொன்னாய்.

அப்புறம் அரண்மனைக்கு நேரே வந்ததும், நம் யுட்லாண்ட் பக்கத்து ஆளைப் பற்றி ஆரம்பித்தாய்.

"யுட்லாண்ட்லேர்ந்து ஒரு விவசாயி மொத மொதலா தலைநகரத்துக்கு வந்தாராம். அரண்மனை வாசல்ல கரடித்தோல் குல்லா போட்டுக்கிட்டு ஒரு காவல் வீரன். வணக்கம் சொன்னார். வீரன் அசையல. சரி, கூச்ச சுபாவம்னு நெனச்சு, தன் மாடு கன்னு, மழை, பக்கத்து வீட்டுக்காரன் வேலித் தகராறு எல்லாத்தையும் நின்னு நிதானமா சொன்னார். வீரன் இமைகூட அசைக்கல. ஊருக்குத் திரும்பினதும் கேட்டாங்க, கோபன்ஹேகன் ஆளுங்க எப்படின்னு. ரொம்ப மரியாதையான ஆளுங்க, நாம பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கவே பேச மாட்டாங்கன்னாராம்."

படகே சிரித்தது. மூன்று மொழியில் மூன்று தடவை சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

இறங்கும்போது அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்து இறங்குங்க, பெரியவரே. படி வழுக்கும்" என்றாய். பெற்ற தகப்பனை 'நீங்க' என்றாய், வீட்டில் எப்போதும் 'நீ' என்றே கூப்பிட்ட நீ. பிறகு அடுத்த ஆளுக்குக் கை கொடுத்தாய்.

கரையில் நின்று அவர் சொன்னது ஒன்றுதான்: "நல்ல சத்தம் அவளுக்கு. கடைசி வரிசை வரைக்கும் கேட்டுதா?" கேட்டது என்றேன். மறுநாள் கோட்டை பார்க்கப் போவதாக இருந்தது. வேண்டாம் என்றுவிட்டார். ஊருக்கு வந்துவிட்டோம்.

அந்தக் கதையை இனிமேல் சொல்லாதே. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

தோர்கில்


கோபன்ஹேகன், 9 ஜூலை

தோர்கில்,

உன் கடிதத்தைப் படகுத்துறையில் நின்று படித்தேன், அடுத்த படகுக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். படித்துவிட்டு ஏறி, நூறு பேரை வரவேற்றேன். என் தொழில் அது. நீ மாட்டு மடியைக் கழுவுவது போல.

வேவு பார்க்க வந்திருக்கிறாய். வந்து, கிழவரை ஒரு பொறி மாதிரி என் முன்னால் வைத்துவிட்டு, நீ பின்னால் தொப்பிக்குள் ஒளிந்துகொண்டு, மகள் தேறுகிறாளா என்று பார்த்திருக்கிறாய். அப்பாவின் யோசனை என்று எழுதுகிறாய். இருக்கலாம். ஆனால் அவருக்கு விளையாட்டு, உனக்கு ஆதாரம். ஒரே ஒரு வார்த்தை, 'விபேக்கெ' என்று ஒரே ஒரு வார்த்தை கடைசி வரிசையிலிருந்து கூப்பிட்டிருந்தால் போதும். நீ கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நான் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதை எழுத வெட்கமாக இல்லையா உனக்கு?

மீசை இல்லாத அப்பாவை நான் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள் என்கிறாய். எந்த ஆஸ்பத்திரி? எதற்கு? எனக்கு யார் சொன்னார்கள்? கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய வாழ்த்துக்கு டோர்தெ பதில் போட்டிருந்தாள்: 'எல்லோரும் சுகம்.' மூன்று சொல்லைக்கூடச் செலவழிக்காத சிக்கனம்.

ஆனால் அந்த மனிதரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். முன்வரிசையில் ஒரு வைக்கோல் தொப்பிக்காரர், கதை முடிவதற்கு முன்னாலேயே சிரித்தார். நம் ஊர்க்காரர்கள் முடிந்ததும் சிரிப்பார்கள், வெளிநாட்டுக்காரர்கள் மொழி மாறும்வரை காத்திருந்து சிரிப்பார்கள். முன்னாடியே சிரித்தவர் இவர் ஒருவர்தான். அன்று சாயங்காலம் படகோட்டி ப்ரூனோவிடம் சொன்னேன், "இன்னைக்கு ஒரு கெழவர் என் ஜோக்க என்னைவிட வேகமா புரிஞ்சுக்கிட்டார்" என்று. அவ்வளவு பிடித்திருந்தது எனக்கு. இனி அது பிடித்திருக்காது. அதற்கு உனக்கு நன்றி.

கதையை நிறுத்தச் சொல்கிறாய். அது என் கதையல்ல, உன் கதையும் அல்ல. அது அப்பாவின் கதை. அவருக்கு நடந்தது, அவரே சொன்னது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாத்துக்கறி முடிந்து அரிசிக் கஞ்சி வருவதற்குள் அவரே சொல்வார், நான் நாற்காலிமேல் ஏறி அந்தக் காவல் வீரனாக நிற்பேன். அவர் வீட்டில் சொன்னதை நான் படகில் சொல்கிறேன். எதை எரிக்கலாம், எதைப் பேசலாம் என்று முடிவு செய்ய உனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று தெரியும். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு விருந்தாளிகள் சேர்ந்து பாட நான் எழுதி அச்சடித்த பாட்டுத்தாள்களை மேஜை மேஜையாகப் பிடுங்கி அடுப்பில் போட்டவன் நீ. அப்பாவை முற்றத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டதைப் பற்றி ஒரே ஒரு சரணம். விருந்தாளிகள் சிரித்தார்கள். உனக்குச் சுட்டது, ஏனென்றால் உண்மை. "சாயங்கால ரயிலப் புடிச்சுப் போயிரு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய். போனேன். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

கதையை நிறுத்த மாட்டேன்.

விபேக்கெ


லெம்விக், 17 ஜூலை

விபேக்கெ,

புல் அறுப்பு நடக்கிறது. சுருக்கமாக எழுதுகிறேன்.

போன டிசம்பர் தொடக்கத்தில் அப்பாவுக்கு இதயம் நின்று நின்று ஓடியது. ஹோல்ஸ்டெப்ரோ ஆஸ்பத்திரியில் கிடந்தார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றது அவர்தான். "அவளுக்கு அங்க வேலை இருக்கும்" என்றார். நம்பாவிட்டால் போ.

அவருடைய சின்ன வீட்டில் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் போட்டது நான். அவர் நகத்தை வெட்டுவது நான். குளிப்பாட்டுவது நான். உன் பாட்டின் சரணத்தில் அதற்கு இடமில்லை, எதுகை வராது போலிருக்கிறது.

கதையைப் பற்றி. உனக்கு அப்போது நாலு வயது, உனக்குத் தெரியாது. எனக்கு ஒன்பது. அப்பா வாழ்க்கையில் கோபன்ஹேகனுக்கு முதல் தடவை போனது ஊர் பார்க்க அல்ல. அம்மாவுக்குத் தலைக்குள் கட்டி என்று அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் அவரிடம் சொன்ன நாள் அது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து, ரயிலுக்கு நேரம் இருந்ததால், தெரியாத ஊரில் நடந்து நடந்து எங்கேயோ போய் நின்றிருக்கிறார். நின்ற இடம் அரண்மனை வாசல்.

மாடு, மழை, வேலித் தகராறு. அன்று அவர் அதைத்தான் பேசினாரா என்று நீயே யோசித்துப் பார். வெயில் காலம் முழுக்க, ஒரு நாளைக்கு எத்தனை படகோ அத்தனை தடவை, மூன்று மொழியில் சொல்கிறாய்.

இப்போது சொல்லு. போய் உன் நூறு பேருக்குச் சொல்லு.

தோர்கில்


கோபன்ஹேகன், 30 ஜூலை

தோர்கில்,

இரண்டு வாரமாக எழுத உட்கார்ந்து எழுந்து போகிறேன்.

அந்தக் கதையை நான் சொல்லவில்லை. உன் கடிதம் வந்த அன்று மதியம், அரண்மனைக்கு நேரே வந்தபோது வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து ப்ரூனோ வந்து தட்டிப் பார்த்தான். இப்போது அந்த இடத்தில் பங்குச்சந்தைக் கோபுரத்தில் வால் முறுக்கிக்கொண்டிருக்கிற டிராகன்களைப் பற்றிச் சொல்கிறேன். யாரும் சிரிப்பதில்லை. கேமராவைத் தூக்குகிறார்கள், அவ்வளவுதான். நீ ஜெயித்துவிட்டாய் என்று எழுதிக்கொள்.

ஆனால் இதற்குப் பதில் சொல். உனக்கு முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். நான் நாற்காலிமேல் நின்று குல்லாவுக்குப் பதிலாக டீ வெதுவெதுப்பாக இருக்கப் போடுகிற பஞ்சு உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடியபோதெல்லாம் உனக்குத் தெரியும். நீ எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவாய். ஒவ்வொரு வருஷமும் அந்தக் கதை வரும்போது தோர்கிலுக்கு மாட்டு ஞாபகம் வரும் என்று அதையும் கேலி செய்திருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கொட்டகைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கலாம். பதினைந்து வயதில் சொல்லியிருக்கலாம். முதன்முதலாக வீட்டைவிட்டு நான் பெட்டியோடு பஸ் ஏறிய அன்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வைத்திருந்தாய், நிலத்தை வைத்திருப்பது போல, அப்பாவை வைத்திருப்பது போல. இப்போது அடிக்கத் தேவைப்பட்டதும் எடுத்து அடிக்கிறாய்.

அம்மாவைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு சிவப்புப் பாவாடைதான். அதுவும் போட்டோவில் பார்த்ததா என்று தெரியாது. ஆனால் போட்டோவில் நிறமே கிடையாது, கறுப்பு வெள்ளை.

மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் டோர்தெதான் எடுத்தாள். "மாமா தூங்குறார்." "மாமா இப்பத்தான் படுத்தார்." "எழுப்புறது நல்லதில்ல விபேக்கெ, டாக்டர் சொல்லியிருக்கார்." மனிதர் எப்போதுதான் விழித்திருப்பார்? என்னிடமிருந்து யாரைக் காப்பாற்றுகிறீர்கள்?

சீசன் முடிந்ததும் நான் வருகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. தெரிவிக்கிறேன்.

விபேக்கெ


லெம்விக், 14 செப்டம்பர்

விபேக்கெ,

நான் உருளைக்கிழங்கு வயலில் இருந்தபோது வந்திருக்கிறாய். டோர்தெ கடைக்குப் போயிருந்தாள். வாடகைக் காரோடு வந்து, எழுபத்தொன்பது வயது இதய நோயாளியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். 'அப்பா என்னோடு ஊர் பார்க்க வருகிறார்' என்று காபிக் குடுவைக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு. கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு போவது போல.

எஸ்கில் தன் டிராக்டரிலிருந்து பார்த்தானாம். "ஒங்கப்பா கார்ல முன்சீட்டுல ஒக்காந்து போனார்ப்பா. எனக்குக் கை காட்டினார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார்" என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாத்திரைகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அவசரத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வெள்ளை காலையில், மஞ்சள் ராத்திரி. விழுங்கிவிட்டேன் என்பார், கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பார், வாயைத் திறந்து காட்டச் சொல். பசியில்லை என்பார், இறைச்சியைச் சின்னதாக வெட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டு வேறெங்கோ பார், சாப்பிட்டுவிடுவார். உன் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்று எனக்குத் தெரியும். படியில் அவர் விழுந்தால் உன்னை நான் கோர்ட்டுக்கு இழுப்பேன். வெறும் பேச்சில்லை இது.

தினமும் இருட்டியதும் அவர் ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று முற்றத்தைத் தாண்டிப் பார்ப்பது வழக்கம். பழக்கதோஷத்தில் நேற்றும் பார்த்தேன்.

கொண்டு வந்து விடு.

தோர்கில்


கோபன்ஹேகன், 25 செப்டம்பர்

தோர்கில்,

வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். மஞ்சள் மாத்திரை கன்னத்தில்தான் இருந்தது. "அவன் சொல்லிக் குடுத்துட்டானா" என்றார். விழுங்கினார்.

படியில் விழவில்லை. ஒவ்வொரு தளத்திலும் நாற்காலி போட்டு வைத்தேன், என் மாடிக்காரர்கள் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். இரண்டாவது தளத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி அங்கே குடியிருக்கிற பாகிஸ்தான்காரரோடு ஆட்டுப்பால் விலை பேசினார். அப்பா பேச மாட்டார், பேச மாட்டார் என்று எப்போதும் சொல்வாய். யாராவது எதிரே உட்கார்ந்தால் பேசுகிறார்.

சிலைகள், கோட்டை, மியூசியம் எதுவும் வேண்டாம் என்றார். மூன்று நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து சைக்கிள்களைப் பார்த்தார். நான்காம் நாள் மேல்கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அரண்மனைக்குப் போகணும் என்றார். உன் கடிதம் சொன்னதை அவரிடம் நான் பேசவே இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

காவல் மாறுகிற நேரம் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. வாசல் பெட்டிக்கு முன்னால் ஒரு காவல் வீரன், இருபது வயது இருக்கும், முகப்பரு இருந்தது. அப்பா அவனுக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி நின்றார். ரொம்ப நேரம். இரண்டு ஜப்பானியப் பெண்கள் வந்து அவன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு அவர் என்னிடம் பேசினார். சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நீ கதைய நல்லாத்தான் சொல்ற. என்னைவிட நல்லா சொல்ற. ஆனா ஒண்ணு தப்பு. அந்தப் பையன் பேசினான்."

யார் என்றேன்.

"காவல்காரப் பையன். நான் மாட்டப் பத்திச் சொல்லிட்டு இருந்தேன். ஏன் மாட்டப் பத்திச் சொன்னேன்னா, மாட்டப் பத்தி எனக்குத் தெரியும். உங்கம்மாவப் பத்தி என்ன சொல்றதுன்னு தெரியல. திடீர்னு மாட்டுலேர்ந்து அம்மாவுக்குப் போயிட்டேன். டாக்டர் சொன்னது, ரெண்டு புள்ளைங்க, சின்னது இன்னும் படுக்கைய நனைக்குது, எல்லாம். அழுதிருக்கேன் போலிருக்கு. ஆளுங்க பாக்குறாங்கன்னு நிறுத்திட்டேன். அப்பத்தான் அவன் ஒதடு அசையாம சொன்னான். 'பேசுங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்'னு. நம்ம பக்கத்துப் பையன், பேச்சுலயே தெரிஞ்சுது. தீஸ்டெட் பக்கம் இருக்கும். அப்புறம் நான் பேசினேன். அவன் மாறிப் போற வரைக்கும் பேசினேன். போறப்ப கண்ண மட்டும் ஒரு தடவ மூடித் தொறந்தான்."

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"காவல்ல பேசினா அவனுக்குத் தண்டனை. சொன்னா யார் காதுலயாவது விழும். மொதல்ல அதான். அப்புறம் வழக்கமாயிருச்சு. அவன் பேசினான்னு சொன்னா சிரிப்பு வராது பாரு."

பிறகு, படகில் என்னைப் பார்க்க வந்ததைப் பற்றி அவராகவே சொன்னார். "நீ என்னைக் கண்டுபிடிக்கல. அதுல எனக்கு வருத்தம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா இறங்குறப்ப கையப் புடிச்சியே, முன்னப்பின்ன தெரியாத கெழவன்னு நெனச்சுத்தான் புடிச்ச? கெட்டியா புடிச்ச. அது போதும்னு ரயில்ல நெனச்சேன். தோர்கில்கிட்ட சொன்னேன், அவன் ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தான்."

இதை நீ எனக்கு எழுதவில்லை, தோர்கில். 'பெற்ற தகப்பனை நீங்க என்றாய்' என்று எழுதினாய். இதை எழுதவில்லை.

ஒன்பது வருஷமாக அவரைக் குளிப்பாட்டுகிறாய், நகம் வெட்டுகிறாய். உன்னைப் போல நான் செய்ததில்லை, செய்யவும் மாட்டேன், எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள் நீ அவரிடம் 'அன்னைக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டிருந்தால் இது உனக்குக் கிடைத்திருக்கும். நீ கேட்கவில்லை. அதனால் எனக்குச் சொன்னார். அதுதான் உனக்குச் சுடும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

சனிக்கிழமை ரயிலில் கொண்டு வந்து விடுகிறேன். உள்ளே வர மாட்டேன்.

விபேக்கெ


லெம்விக், 23 அக்டோபர்

விபேக்கெ,

முற்றத்தில் அவரை இறக்கிவிட்டு, டாக்ஸியின் இன்ஜினைக்கூட அணைக்கவிடாமல் போனாய். டோர்தெ காபி போட்டிருந்தாள். நல்ல கோப்பைகளை எடுத்து வைத்திருந்தாள். அது உனக்குத் தெரியட்டும்.

நீ அவரைக் கெடுத்து அனுப்பியிருக்கிறாய். முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார், அதில் பாதி வானிலை. இப்போது நிறுத்துவதில்லை. பால் லாரிக்காரனிடம் பேசுகிறார். கால்நடை டாக்டரை மாட்டின் பின்னால் கை விட்டபடியே நிற்க வைத்துப் பேசுகிறார். போன ஞாயிறு தேவாலயத்தில் காபி நேரத்தில் அந்தக் கதையைச் சொன்னார். காவல்காரன் பேசியதையும் சேர்த்து, அம்மாவையும் சேர்த்து, அழுததையும் சேர்த்து. யாரும் சிரிக்கவில்லை. பாதிரியார் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எஸ்கிலின் மனைவி எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். நம் ஊரில் யார் யார் கையை அப்படிப் பிடித்து நீ பார்த்திருக்கிறாய்? நான் எழுந்து வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன்.

ஏன் கேட்கவில்லை என்று கேட்டிருந்தாய். உன்னைத் தவிர யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள், அவ்வளவு அநியாயமாக. பதில் சொல்கிறேன். இதற்கு மேல் இதைப் பற்றி நீ எழுதக் கூடாது.

அவர் அன்று கோபன்ஹேகனிலிருந்து திரும்பி வந்தபோது ஸ்டேஷனில் நான் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டில் உன்னை விட்டுவிட்டு, அவர்கள் வேண்டாம் என்று சொல்லியும் சைக்கிளில் போயிருந்தேன். மழை. ரயில் நின்றது, அப்பா இறங்கினார். அவர் பெட்டியைக்கூட வாங்காமல் கேட்டேன்: "அம்மா எப்ப வருவாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம், "அங்க ஒரு வேடிக்கை நடந்துது, தெரியுமா" என்று ஆரம்பித்தார். அரண்மனை, கரடித்தோல் குல்லா, வணக்கம் சொன்னது, மாட்டைப் பற்றிப் பேசியது. பிளாட்பாரத்தில் நின்று அந்த வீரன் மாதிரி விறைத்துக் காட்டினார். மழைத்தண்ணீர் மூக்கிலிருந்து சொட்டியது, துடைக்கவில்லை, வீரன் துடைக்க மாட்டானே. நான் சிரித்தேன். ரொம்பச் சிரித்தேன். அம்மாவைக் கேட்டதே எனக்கு மறந்துபோனது. அந்தக் கதைக்கு உலகத்தில் முதலில் சிரித்தவன் நான்.

வீட்டுக்கு வரும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்தோம், வழியெல்லாம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன், சொன்னார். இரண்டு வாரம் கழித்து அம்மா சவப்பெட்டியில் வந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு அவர் எதற்குப் பதிலாக எதைச் சொன்னார் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அவரை எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் மறுபடி வேடிக்கை சொல்லிவிடுவாரோ, நான் மறுபடி சிரித்துவிடுவேனோ என்று. நீ நாற்காலிமேல் ஏறி நின்றபோது நான் மாட்டைப் பார்க்கப் போகவில்லை. கொட்டகையில் இருட்டில் நின்றிருந்தேன்.

தேவாலயத்திலிருந்து திரும்பும்போது காரில் அவரிடம் கேட்டேன். முதல் தடவை. "அன்னைக்கு ஸ்டேஷன்ல நான் சிரிச்சனே, அது உங்களுக்கு எப்படி இருந்துது?" அவரை நான் 'நீங்க' என்றேன், ஏன் என்று தெரியவில்லை. "நீ சிரிச்சியா, அதுலதான் என்னால வீடு வரைக்கும் நடக்க முடிஞ்சுது" என்றார்.

காரை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ மாத்திரையில்லாமல் அவரைக் கொண்டு போனவள். நான் பாட்டை எரித்ததற்கு வருந்துகிறேன் என்றும் நினைக்காதே, அந்தச் சரணம் கேவலமானது. உன்னைப் பார்த்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும், கடிதத்தில் வருவதைவிட அதிகமாக வரும்.

அப்பாவுக்கு எண்பது வயது மார்ச்சில் முடிகிறது. விருந்து வேண்டாம் என்கிறார். ஆனால் அவர் கூப்பிட்டிருக்கும் ஆட்களை வைத்துப் பார்த்தால் ஊரே வரும். நீயும் வர வேண்டுமாம். எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

ஸ்டேஷனுக்கு நான் வர மாட்டேன். இத்தனை வருஷத்தில் யாரையும் அழைக்க அந்தப் பிளாட்பாரத்துக்கு நான் போனதில்லை. பஸ்ஸில் வா. தேவாலயத்துக்கு முன்னால் நிற்கும். அங்கே வண்டியோடு நிற்பேன்.

தோர்கில்